மலத்தைக் கவனித்து வயிற்றின் நிலையை அறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"மோஷன் எப்படிப் போகுது?" என்று டாக்டர் கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது இரண்டே பதில்கள். "பரவாயில்ல டாக்டர்", இல்லையென்றால் "சரியாவே போகல". இதை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மூன்று நாளாக வெளிக்கே போகாதவரும் "சரியா போகல" என்பார். தினமும் போயும் முழுசாகப் போன திருப்தி இல்லாதவரும் அதையே சொல்வார். நாளைக்கு ஐந்து தடவை ஓடுகிறவரும் அதையேதான் சொல்வார்.

அவருக்கு வேண்டியது நான்கு விவரங்கள்: எத்தனை தடவை, எந்தப் பதத்தில், என்ன நிறத்தில், எப்போதிலிருந்து. இந்த நான்கையும் நீங்களே கவனித்து வைத்துக்கொள்வதற்கான வழிதான் இது. கூச்சத்தை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் போதும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு விநாடி திரும்பிப் பார்ப்பதில் அசிங்கம் ஒன்றுமில்லை.

முதல் படி: உங்கள் வழக்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி நாம் சாப்பிட்டதன் சக்கை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதில் கணிசமான அளவு குடலில் வாழும் பாக்டீரியாக்கள், உயிரோடு உள்ளவையும் செத்தவையும். அதோடு செரிக்காத நார்ச்சத்து, கொஞ்சம் கொழுப்பு, குடல் சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள். அதனால்தான் இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் மலம் வருவது முழுசாக நிற்பதில்லை.

ஒரு நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்பு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இந்தக் கணக்கை நம் ஊரில் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். இந்தியர்களில் பெரும்பாலோர் தினமும் ஒரு தடவையாவது போகிறவர்கள். நாற்பது வருடமாகக் காலையில் காபி குடித்ததும் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று வாரத்துக்கு மூன்று தடவை என்று ஆகிவிட்டால், எண்ணிக்கை 'இயல்பு' வரம்புக்குள் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அவருக்கு அது மாற்றம். இந்த வழிகாட்டி முழுவதும் மாற்றம் என்ற இந்த ஒரு விஷயத்தையே சுற்றி வரும்.

காபியைப் பற்றிச் சொன்னேன். அது வெறும் பழக்க தோஷம் இல்லை. வயிற்றில் உணவு இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். உடம்பில் இயற்கையாகவே உள்ள ஏற்பாடு அது. காலையில் இந்த அசைவு பலமாக இருக்கும், காபி அதை இன்னும் தூண்டிவிடும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அந்த நேரத்தைத் தவறவிட்டு, பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ கழிப்பறை சரியில்லை என்று மாலை வரை அடக்கி வைப்பதுதான் பலருக்கு மலச்சிக்கல் தொடங்கும் இடம். அடக்க அடக்க, பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகிக்கொண்டே போகும்.

இரண்டாம் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

போனிலேயே குறிக்கலாம். தேதி, நேரம், பதம், நிறம், முக்க வேண்டியிருந்ததா, வலி இருந்ததா, அன்று புதிதாக என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்.

மாத்திரையை எழுத மறக்காதீர்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் தீர்ந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் மலத்தை இறுக்கும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தில் அலுமினியம் அதிகமாக இருந்தால் கட்டும், மெக்னீசியம் அதிகமாக இருந்தால் இளக்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குடலின் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்து அடிவாங்குவதால் போக்கு வரலாம்.

சாப்பிட்டது எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது என்று பார்க்க ஆசையா? ஒரு நாள் இரவு மக்காச்சோளம் வேகவைத்துச் சாப்பிடுங்கள். அதன் தோல் செரிக்காமல் அப்படியே வரும். ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் கண்ணில் பட்டால் சரி.

மூன்றாம் படி: பதத்தைப் பாருங்கள்

நிறத்தைவிடப் பதம் அதிகம் பேசும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் ஸ்டீபன் லூயிஸ், கென் ஹீட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வால் பரவலான ஏழு வகை அட்டவணையைத்தான் இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனி உருண்டைகள் முதல் வகை. அந்த உருண்டைகள் ஒன்றாக ஒட்டிக் கட்டிகட்டியாக வருவது இரண்டாவது. நீளமாக, மேலே வெடிப்புகளோடு வருவது மூன்றாவது. நீளமாக, வழுவழுப்பாக, சிரமமில்லாமல் வருவது நான்காவது. ஐந்தாவது, ஓரம் தெளிவாகத் தெரியும் மென்மையான துண்டுகள். ஆறாவது, ஓரம் கலைந்து கூழாக. ஏழாவது, வெறும் தண்ணீர்.

மூன்றும் நான்கும் நாம் விரும்புவது. ஒன்றும் இரண்டும் வந்தால் மலம் குடலில் அதிக நேரம் தங்கியிருக்கிறது. ஆறும் ஏழும் வந்தால், தண்ணீரை உறிஞ்சக் குடலுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஐந்தாவது வகையை நார்ச்சத்து குறைவாகச் சாப்பிடுகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம், தனியாக அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஒன்றாம் வகையும் ஏழாம் வகையும் மாறி மாறி வந்து, வாரத்தில் ஒரு நாளாவது வயிறு வலித்து, இது மூன்று மாதமாக நடக்கிறது என்றால் ஐ.பி.எஸ். என்று சொல்லப்படும் குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம். தொல்லை பெரிது, உயிருக்கு ஆபத்து கிடையாது. ஆனால் அப்படி முடிவு கட்டுவது டாக்டரின் வேலை. தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, எடை குறைவு, ரத்தம், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. நம் நாட்டில் குடல் காசநோயும் இப்படி வரலாம்.

நான்காம் படி: நிறம்

பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள் பித்தநீர் வழியாகக் குடலுக்கு வருகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை மாற்ற, மலம் பழுப்பாகிறது. அதனால் பழுப்பிலிருந்து மஞ்சள் வரை, பச்சை சாயல் வரை எல்லாம் ஒரே குடும்பம். கீரை அதிகம் சாப்பிட்டாலும் பச்சையாகும், போக்கு வேகமாக இருந்தாலும் பச்சையாகும். இரண்டும் பயப்பட வேண்டியவை இல்லை.

கவலைப்பட வேண்டிய நிறங்கள் மூன்று: வெளுப்பு, கருப்பு, சிவப்பு.

வெளுப்பு என்றால் களிமண் போல, சுண்ணாம்பு கலந்தது போல. பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். கூடவே சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போய், கண் மஞ்சளாகி, உடம்பு அரித்தால், பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து மூன்று வாரம் காத்திருப்பது நம் ஊர் வழக்கம். கிருமியால் வரும் காமாலை பல பேருக்குத் தானாகவே சரியாகிவிடும், பேர் கீழாநெல்லிக்குப் போய்விடும். அடைப்பால் வந்த காமாலைக்கு அந்தக் காத்திருப்பு ஆபத்து. மலம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் முதல் தடயம். ஸ்கேன் அன்றைக்கே எடுக்கலாம்.

கருப்பில் இரண்டு வகை உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கரும்பச்சையாக, ஆனால் உருண்டு திரண்டு வரும். ஒட்டாது, தனி நாற்றமும் இருக்காது. நாவல் பழம் நிறையச் சாப்பிட்டாலும் கருக்கும். இன்னொரு வகை, உருக்கிய தார் போலப் பளபளப்பாக, பிசுபிசுவென்று பீங்கானில் ஒட்டிக்கொண்டு, எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாமல், ஒருவிதமான கொடிய நாற்றத்தோடு வரும். ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிந்து, செரித்து, கருத்து வருவது அது. 50 முதல் 100 மில்லி ரத்தம் கசிந்தாலே இப்படி ஆகிவிடும். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இதற்கு முக்கியக் காரணம். இன்னொன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. அல்சருக்குக் காரம்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். தார் போன்ற கரு மலம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. தலைசுற்றலும் சேர்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும்.

ஐந்தாம் படி: ரத்தம் வந்தால் 'மூலம்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

முதலில், நேற்று பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்று யோசியுங்கள். இல்லை என்றால் ரத்தம் எங்கே, எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இறுகிய மலம் போகும்போது பிளேடால் கீறியது போல வலித்து, மலத்தின் மேல் ஒரு கோடாகச் சிவப்பு தெரிந்தால் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். வலியே இல்லாமல், போய் முடித்த பிறகு பளிச்சென்ற சிவப்பில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் உள்மூலமாக இருக்கலாம். ரத்தம் மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாக, சளியோடு வந்தால் இடம் இன்னும் மேலே, பெருங்குடலில் இருக்கலாம். காய்ச்சலும் வயிற்று முறுக்கும் சேர்ந்தால் சீதபேதியாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன், காரணமாகத்தான். மூலம் உள்ள ஒருவருக்கே மலக்குடல் புற்றுநோயும் இருக்க முடியும், இரண்டும் ஒரே மாதிரி ரத்தத்தைக் காட்டும். பஸ் ஸ்டாண்டு சுவர்களில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்துப் போய் ஆறு மாதம், ஒரு வருடம் இழந்தவர்கள் கதை எந்தப் புற்றுநோய் வார்டிலும் கிடைக்கும். கையுறை போட்டு விரலால் பரிசோதிக்க டாக்டருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி அந்த விரலுக்குத் தட்டுப்பட்டுவிடும். அந்தப் பரிசோதனை செய்யாமலே மூலத்துக்கு மருந்து எழுதினால், "பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாமலும் ரத்தம் போகும். வீட்டில் அப்பாவுக்கோ, மாதவிடாய் நின்ற அம்மாவுக்கோ ஹீமோகுளோபின் காரணமில்லாமல் குறைந்தால், டானிக் வாங்கிக் கொடுப்பதற்கு முன் குடலைப் பார்க்க வேண்டும். அதற்கு மறைந்த ரத்தத்தைக் கண்டறியும் மலப் பரிசோதனை உண்டு. தேவைப்பட்டால் கொலோனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது. பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தொடங்கும் வயதை அமெரிக்கா 2021-ல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு வழக்கம் மாறி மூன்று வாரமாகியும் திரும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அதற்குக் கீழே உள்ளவர்களும் ரத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

ஆறாம் படி: மிதக்கிறதா, எண்ணெய் தெரிகிறதா, புழு இருக்கிறதா

மலம் மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். 1972-லேயே மைக்கேல் லெவிட், வில்லியம் டுவேன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைச் சோதித்துவிட்டார்கள். மிதக்க வைப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாயு. சுண்டல் சாப்பிட்ட மறுநாள் மிதந்தால் விட்டுவிடுங்கள்.

எண்ணெய்ப் பசை வேறு விஷயம். வெளிறிய மஞ்சளில், அளவில் அதிகமாக, நாற்றத்தோடு, தண்ணீரின் மேல் எண்ணெய்த் திவலைகள் தெரிய வந்தால் கணையமோ சிறுகுடலோ சரியாக வேலை செய்யவில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், குடிப் பழக்கமே இல்லாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கல் உண்டாகி, வயிற்றுவலி, எண்ணெய் மலம், பிறகு சர்க்கரை நோய் என்று வரிசையாக வரும் ஒரு நோய் பல காலமாகவே உண்டு. எடை குறைவதும் சேர்ந்தால் குடல் நோய் நிபுணரைப் பாருங்கள்.

பால் குடித்தால் மட்டும் வயிறு உப்பி, தண்ணீராகப் போகிறதா? பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் வளர்ந்தவர்களில் பலருக்குக் குறைவு, தென்னிந்தியாவில் இன்னும் அதிகம் பேருக்கு. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

குழந்தை ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சி. வெள்ளை நூல்துண்டு போல நெளியும். பூச்சி மாத்திரையை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டால்தான் ஒழியும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தவறவிடாதீர்கள்.

கைக்குழந்தைகளின் கணக்கு தனி

பிறந்த முதல் இரண்டு நாளில் கரும்பச்சையாக ஒட்டும் மலம் போக வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை கடுகு மஞ்சளில் இளக்கமாக, நாளைக்கு ஏழெட்டுத் தடவை போகலாம். ஒரு மாதம் தாண்டிய பிறகு நாலைந்து நாளுக்கு ஒருமுறையும் போகலாம். எடை ஏறினால் இரண்டும் சரிதான். வயதான பாட்டி "வயிறு கட்டிடுச்சு, விளக்கெண்ணெய் வைங்க" என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். பிறந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உடம்பில் காமாலை மஞ்சள் மறையாமல், மலமும் வெளுத்திருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். இதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். இதற்காகவே தைவானில் மல நிற அட்டையைத் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 2004-லிருந்து நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். டயப்பரைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் நிறத்தைப் பார்ப்பது, அந்த அட்டை இல்லாத நம்மாலும் முடியும்.

ஏழாம் படி: வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை

மலச்சிக்கல்தான் பெரும்பாலோருடைய பிரச்சினை. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1972-ல் சகாக்களோடு வெளியிட்ட ஒப்பீட்டில், உகாண்டா கிராமத்தினருக்கு உணவு கடந்துவர ஏறக்குறைய ஒன்றரை நாள்தான் ஆனது. மாவுப் பண்டங்களில் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு மூன்று நாளைத் தாண்டியது. வித்தியாசம் நார்ச்சத்து என்றார் அவர்.

நம் தட்டிலும் வெள்ளைச் சோறு மேடாகவும் காய் ஓரமாகவும் இருக்கிறது. நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழெட்டு கிராம், கொய்யாவில் ஐந்து கிராம். அவரை, கொத்தவரங்காய், வாழைத்தண்டு, கம்பு, கீரை எல்லாம் உதவும். ஒரே நாளில் கூட்டினால் வாயு திணறடிக்கும், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீரும் சேர்ந்தே கூட வேண்டும். இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளை எடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும்.

முட்டிவலிக்காக வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியவர்கள் காலுக்குக் கீழே ஒரு சிறிய முக்காலி போட்டு முழங்காலை இடுப்புக்கு மேல் உயர்த்திக்கொள்ளுங்கள். குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகும். அந்த வசதியில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிட்டுக் குடலைக் 'கழுவ' வேண்டுமா? தேவையில்லை. ஆரோக்கியமான குடலில் வருடக்கணக்காக அழுக்கு தங்குவதில்லை. நிலவாகைச் சூரணம் உண்மையாகவே வேலை செய்யும் மருந்துதான். 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் உலகமெல்லாம் போகும் அதே இலை. எப்போதாவது எடுத்துக்கொள்ளலாம். தினமும் அது இல்லாமல் போகாது என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். 1971-ல் வங்காளதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டு ஏராளமானோரைக் காப்பாற்றினார். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைப்பது தவறு. 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள். குழந்தைக்கு டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதினால் போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுங்கள். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. குழந்தையின் கண் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, துவண்டு படுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

எட்டாம் படி: மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால்

பிளாஸ்டிக் டப்பியில் மூடியோடு ஒரு சின்னக் கரண்டி இருக்கும். கழிப்பறைத் தண்ணீரும் சிறுநீரும் கலக்காமல், ஒரு பழைய செய்தித்தாளிலோ பிளாஸ்டிக் தாளிலோ போய், அதிலிருந்து எடுங்கள். சளியோ ரத்தமோ தெரிகிற பகுதியிலிருந்து எடுப்பது நல்லது, கிருமி அங்கேதான் அதிகம் சிக்கும். சுண்டைக்காய் அளவு போதும், டப்பியை நிரப்ப வேண்டாம். அமீபா இருக்கிறதா என்று பார்ப்பதானால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறினால் அதன் அசைவு நின்றுவிடும். ஒட்டுண்ணிகள் தினமும் வெளிப்படாது என்பதால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கேட்பதுண்டு. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை என்றால் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள். ஏற்கனவே ஏதாவது போட்டிருந்தால் அதன் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு வாரக் குறிப்பையும் சேர்த்து.